முயற்சிக்கு எத்தனை புள்ளி?

விளையாட்டைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், அதன் முடிவை முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பதிலும் மனிதனுக்கு ஓர் இன்பம் உண்டு. ரக்பி ஆட்டம் வேரூன்றிய இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்சு, நியூசிலாந்து முதலிய நாடுகளில் நண்பர்களும் குடும்பத்தாரும் குழுவாகச் சேர்ந்து, ஒவ்வோர் ஆட்டத்திற்கும் முன் தத்தம் கணிப்பை எழுதி வைப்பர். ஆட்டம் முடிந்தபின் கணிப்புகளுக்குப் புள்ளி இடப்படும். இதில் பணம் புகுந்தால் அது பந்தயமாகிவிடும். குடும்பத்தின் தேவைக்கு உரியதைப் பறிக்கும் பந்தயம் அறத்திற்குப் புறம்பானது என்பது திருச்சபையின் போதனை. பணம் புகாதவரை நல்லதொரு பொழுதுபோக்கே. அதில் புள்ளியிடும் முறையைச் சற்றே ஆராய்ந்தால், நம் இல்லங்களுக்கு வேண்டிய ஒரு கேள்வி அதனுள் இருப்பதைக் காணலாம்.

ஆட்டத்தின் கணக்கு

ரக்பியில் அணிக்கு 15 பேர். ஆட்டம் 80 நிமிடம். பந்தை ஏந்திச் சென்று எதிரணியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் தரையில் ஊன்றினால் அதற்கு 'ட்ரை' என்று பெயர். அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்திற்கு மேலாக உதைத்தால் மேலும் 2 புள்ளி. எதிரணியின் தவற்றிற்காகக் கிடைக்கும் தண்டனை உதைக்கு 3 புள்ளி. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினாலும் 3 புள்ளி.

'ட்ரை' என்னும் சொல்லுக்கு 'முயற்சி' என்றே பொருள். தொடக்க காலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. கம்பங்களை நோக்கி உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டுமே கிடைத்தது. 1871ஆம் ஆண்டு எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியபோது இங்கிலாந்தும் ஒரு 'ட்ரை' எடுத்தது. ஆனால் அதையடுத்த உதை தவறியதால் அது கணக்கில் ஏறவில்லை, ஸ்காட்லாந்து வென்றது. காலம் செல்லச் செல்ல, உதைப்பதைவிடப் பந்தை ஏந்தி ஓடும் உழைப்பே பெரிது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் முயற்சியின் மதிப்பு 3 ஆயிற்று; 1971இல் 4 ஆயிற்று; 1992இல் 5 ஆயிற்று. ஒரு காலத்தில் ஒன்றுமில்லை என ஒதுக்கப்பட்டதே இன்று ஆட்டத்தின் தலையாய செயல்!

கணிப்பின் கணக்கு

இத்தகைய ஆட்டத்தில் இரு அணிகளின் எண்ணிக்கையையும் சரியாகச் சொல்வது அரிது. ஆகவே கணிப்புக் குழுக்கள் படிப்படியாகப் புள்ளியிடுகின்றன. விதிகள் குழுவுக்குக் குழு மாறும். எடுத்துக்காட்டாக ஒன்றை நாமே வகுத்துக்கொள்வோம். வெல்லும் அணியைச் சரியாகச் சொன்னால் 3 புள்ளி. வெற்றி வித்தியாசத்தை ஐந்துக்குள் நெருங்கினால் மேலும் 2. இரு எண்ணிக்கைகளும் அப்படியே அமைந்தால் இன்னும் 5.

முதல் அணி 24–17 என்று வென்றது என்க. 27–20 என்று கணித்தவருக்கு வித்தியாசமும் பொருந்துவதால் 5 புள்ளி. 40–10 என்று கணித்தவருக்கு, வென்ற அணியைச் சொன்னதற்காக 3. இரண்டாம் அணி 20–19 என்று வெல்லும் என்றவருக்கோ ஒன்றுமில்லை. ஆனால் பின்னிருவருள் உண்மைக்கு அருகில் நின்றவர் யார்? நெருக்கமான ஆட்டத்தை நெருக்கமானது என்று உணர்ந்த மூன்றாமவர் அல்லரோ? வெற்றியை மட்டும் எண்ணும் விதி அவரைக் கைவிட்டுவிடுகிறது. இதைக் கண்டு சில குழுக்கள் நெருங்கி வந்தவருக்கும் ஏதேனும் ஒரு புள்ளி அளிக்கின்றன.

ஆட்டத்தின் விதிகளிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. உலகக் கோப்பையின் முதற்சுற்றில் 2003ஆம் ஆண்டு முதல், வெற்றிக்கு 4 புள்ளி அளிப்பதோடு, நான்கு முயற்சிகள் எடுத்த அணிக்கும், ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற அணிக்கும் ஒவ்வொரு புள்ளி கூடுதலாக உண்டு. தோல்வியிலும் தோல்வி வேறுபடும் என்பதே இதன் உட்கருத்து.

2015ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஜப்பான், இருமுறை கோப்பை வென்ற தென்னாப்பிரிக்காவை எதிர்த்து ஆடியது. 1995இல் நியூசிலாந்திடம் 17–145 என்று தோற்ற ஜப்பான், உலகக் கோப்பையில் அதுவரை வென்றது ஒரே ஓர் ஆட்டம். அது வெல்லும் என்று எழுதியவர் மிகச் சிலரே. ஆட்டத்தின் இறுதியில் 29–32 என்று பின்தங்கியிருந்தபோது தண்டனை உதை ஒன்று கிடைத்தது. உதைத்திருந்தால் சமநிலை கிட்டியிருக்கும். அணித்தலைவர் மைக்கேல் லீச் அதை விடுத்து, முயற்சியைத் தேர்ந்தார். 34–32 என்று ஜப்பான் வென்றது. தோற்ற தென்னாப்பிரிக்காவும் இரண்டு கூடுதல் புள்ளிகள் பெற்றது. ஜப்பான் அச்சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்றும், கூடுதல் புள்ளி ஒன்றும் பெறாததால் 12 புள்ளிகளோடு நின்றது. அதே மூன்று வெற்றிகளோடு 14 புள்ளிகள் பெற்ற ஸ்காட்லாந்து அடுத்த சுற்றுக்குச் சென்றது. எந்த விதியும் முழு நீதி வழங்குவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

இல்லத்தின் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். தேர்வு முடிவு வரும் நாளில் நாம் எந்த விதியைக் கையாளுகிறோம்? தேறினால் இனிப்பு, தவறினால் ஏச்சு. 34 மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் 4 மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் நமக்கு ஒன்றே. சென்ற முறை 15 வாங்கியவன் இம்முறை 34க்கு ஏறியிருக்கிறான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. குடிப்பழக்கத்தை விட்டு நாற்பது நாள் தாக்குப் பிடித்துப் பின் இடறிய கணவனுக்கு, அந்த நாற்பது நாளுக்கான புள்ளியை எவர் இடுகிறார்?

அதனினும் கொடியது நம் கணிப்பு. "இவன் உருப்பட மாட்டான்", "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று ஆட்டம் தொடங்குமுன்னே எழுதி வைக்கிறோம். விளையாட்டில் கணிப்புத் தவறினால் புள்ளி போகும், அவ்வளவே. பெற்றோரின் கணிப்போ பிள்ளையின் காதில் விழுகிறது. நாளடைவில் அவன் அதை நம்பி, முயல்வதையே விட்டுவிடுகிறான்.

ஆண்டவரின் கணக்கு வேறு. தாலந்து உவமையில் ஐந்தை ஈட்டியவனும் இரண்டை ஈட்டியவனும் ஒரே பாராட்டைப் பெற்றனர். கண்டிக்கப்பட்டவன் குறைவாக ஈட்டியவன் அல்லன். முயலாமல் புதைத்து வைத்தவனே. ஒப்புரவு அருட்சாதனத்திலும் எத்தனை முறை விழுந்தாலும், மனம் வருந்தி எழுந்து வருபவனை அவர் தள்ளிவிடுவதில்லை.

பிரான்சின் தென்மேற்கே லாரிவியேர் என்னும் சிற்றூரில் 'ரக்பி அன்னை' சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. 1964இல் சாலை விபத்தில் இறந்த டாக்ஸ் நகர வீரர் மூவரின் நினைவு அங்கே போற்றப்படுகிறது. குழந்தை இயேசுவும் அங்கே பந்தோடு காட்சி தருகிறார். சுவர்களில் பற்பல அணிகளின் சட்டைகள் தொங்குகின்றன. வென்ற நாளில் அணிந்தது எது, தோற்ற நாளில் அணிந்தது எது என்று அன்னை கேட்பதில்லை.

அன்புப் பெற்றோரே, இம்மாதம் உங்கள் இல்லத்தில் தோற்றுத் திரும்பும் ஒருவருக்கு, அவர் எவ்வளவு தூரம் ஓடினார் என்று பார்த்து, ஒரு புள்ளியேனும் இடுங்கள்.