கடைசிப் பாட்டுக்கு முன்பே வெளியேறுகிறவர்கள்

பெங்களூருவில் பெரிய இசை நிகழ்ச்சி நடைபெறும் ஒவ்வோர் இரவும், மைதானத்தின் பின்வரிசையில் சிலர் ஒன்பது மணி அளவிலேயே கைப்பேசியை எடுத்து நேரம் பார்க்கத் தொடங்குகிறார்கள். பாடகர் தம் புகழ்பெற்ற பாட்டைக் கடைசிக்கென வைத்திருக்கிறார் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் கிளம்பியாக வேண்டும். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மறுநாள் விடியற்காலையில் அதே பாதையில் வேலைக்குத் திரும்பி வர வேண்டியவர்கள் அவர்கள். மைதானத்தின் வாசலைக் கடந்து தெருவில் நடக்கும்போது, பின்னால் பல்லாயிரம் குரல்கள் ஒன்றாக எழுவது அவர்கள் காதில் விழுகிறது. காசு கொடுத்துவிட்டு, காத்திருந்த பாட்டை மதில் சுவருக்கு வெளியே நின்று கேட்கிறார்கள்.

இந்த ரசிகரை இடதுசாரி இயக்கம் எவ்வாறு பார்க்கிறது? கிளைக் கூட்டங்களில் இப்பேச்சு எழும்போது, 'நுகர்வு மோகம்', 'கேளிக்கைக் கலாச்சாரம்' என்ற இரண்டு சொற்களில் விவாதம் முடிந்துபோவதுண்டு. மூன்று நாள் கூலியை ஒரு மாலைக்குச் செலவிடும் இளைஞரைக் கண்டு மூத்த தோழர்களுக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை. ஆயினும் அந்தக் கோபம் சரியான இடத்தில் விழுகிறதா என்பதே கேள்வி.

பாட்டு இன்று கைப்பேசியில் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் செதுக்கப்பட்ட குரல் மேடைக் குரலைவிடத் துல்லியமானது. அப்படியிருந்தும் மக்கள் வெயிலில் வரிசையில் நின்று, நெரிசலில் நசுங்கி, நேரில் கேட்கப் போகிறார்கள். காரணம் எளியது. தாளம் நெஞ்செலும்பில் அதிர்வதை எந்தக் கருவியும் காதுக்குள் தந்துவிட முடியாது. பாடகர் பாதியில் நிறுத்திய வரியைக் கூட்டம் எடுத்து முடிக்கிறபோது, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரின் தோளில் கை விழுகிறது. அந்தத் தோளுக்குரியவரின் ஊரும் சாதியும் அந்த நிமிடத்தில் எவருக்கும் தேவைப்படுவதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனித் திரைக்கு முன் உட்கார வைக்கும் காலத்தில், கூட்டமாக இருப்பதன் சுகத்தை உழைக்கும் இளைஞர் தேடிப் போகிறார். மனிதரின் இசை உணர்வை எழுப்புவது இசையே என்றும், ஐம்புலன்களின் வளர்ச்சி உலக வரலாறு முழுவதன் உழைப்பு என்றும் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் எழுதினார். 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் கேட்ட எட்டு மணி நேர வேலை என்பதிலும், உறக்கம் போக மிஞ்சும் எட்டு மணி நேரம் தொழிலாளியின் விருப்பத்துக்குரியது என்ற கோரிக்கை அடங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவர் பாட்டுக் கேட்கக் கூடாது என்று யாரும் அன்று சொல்லவில்லை.

தங்கவயலுக்கு இது புதிய விஷயமும் அல்ல. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே காலூன்றிய பின், வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்றவர்களின் உழைப்பில் எழுந்த ஊர் அது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே கொதித்தது. பாறை வெடிப்புக்கு அஞ்சியபடி இருட்டில் ஒரு ஷிப்ட் முடித்து மேலே வந்தவருக்கு 'லைன்' வீட்டின் ஒற்றை அறை காத்திருந்தது. வெள்ளை அதிகாரிகளுக்கோ, நடனத்துக்கும் இசைக்கும் என்றே தனிக் கிளப் இருந்தது. அதன் கதவுக்குள் தொழிலாளி நுழைந்தால் தட்டு ஏந்தும் பணியாளாகத்தான் நுழைய முடியும். சிவனசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தபோது, பெங்களூரு தெருக்களுக்கு முன்பே தங்கவயலில் விளக்கு எரிந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்த மின்சாரம் யாருக்காக வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

அந்த லைன்களிலிருந்துதான் 1930இல் விரல் ரேகைப் பதிவுக்கு எதிரான மாபெரும் வேலைநிறுத்தம் கிளம்பியது. தோழர்கள் கே.எஸ்.வாசன், வி.எம்.கோவிந்தன் போன்றோர் கட்டிய செங்கொடிச் சங்கம் வளர்ந்ததும் அங்கேதான். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்ததும் அந்த மண்ணில்தான். இவை கட்சி அணிகளுக்குத் தெரிந்த வரலாறு. அதே லைன்களில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் ஆழமாக வேர்விட்டது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் நின்றுபோனது. 1926இல் அதை மீண்டும் உயிர்ப்பித்து, தங்கவயலிலிருந்து நடத்தியவர் ஜி.அப்பாதுரையார். சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்த காசில் வாங்கிப் படிக்கப்பட்ட பத்திரிகை அது. சாதியற்ற தமிழர் என்ற சொல் அந்த மரபில் புழங்கி வந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து அச்சொல் இசை மேடை ஏறியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அந்தப் பெயரின் ஊற்று அயோத்திதாசர்தான். சாவு வீட்டுத் தெருவோடு நின்றுவிட வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும், கிதாரோடும் டிரம்ஸோடும் ஒரே மேடையில் நின்றன. ஆயிரக்கணக்கானோர் அன்று நின்றபடியே கேட்டார்கள். கேட்டவர்களில் பலருக்கு, தம் தெருவின் ஒலியை இத்தனை பெரிய ஒலிபெருக்கியில், தலைநிமிர்ந்து, வெளிச்சத்தில் கேட்பது அதுவே முதல் முறை.

2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி என்றாலே சபாக்களும் கேண்டீன்களும் என்றிருந்த சென்னையின் நாட்காட்டியில் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் கிராமியப் பாட்டுக்கும் இடம் பிடித்த விழா அது. 2023இல் அவ்விழா சென்னைக்கு வரும் முன் தங்கவயலுக்கும் ஒரகடத்துக்கும் சென்றது. ஒன்று மூடப்பட்ட சுரங்கங்களின் ஊர். மற்றொன்று வாகனத் தொழிற்சாலைகளின் ஊர். இந்தத் தேர்வில் உள்ள அரசியல் கவனத்துக்குரியது. இசையைத் தேடி ரயிலேறிப் பழகிய மக்களிடம் இசை ரயிலேறி வந்தது. யாஷ் நடித்த 'கே.ஜி.எஃப்' படங்களால் அந்த மூன்று எழுத்துகள் உலகமெங்கும் பரவின. ஆனால் அப்படங்களில் சுரங்கத் தொழிலாளி, நாயகன் வந்து மீட்கும்வரை காத்துக் கிடக்கும் அடிமை மட்டுமே. சங்கம் கட்டிய, பத்திரிகை நடத்திய தொழிலாளியைத் திரையில் காணவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் தங்கள் ஊர் மண்ணிலேயே தங்கள் இசையைக் கேட்டது சிறிய செய்தி அல்ல.

அடையாள அரசியலின் மேடைக்கு வர்க்க இயக்கம் ஏன் கைதட்ட வேண்டும் என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. தங்கவயலில் இக்கேள்வி எடுபடாது. அங்கே வர்க்கமும் சாதியும் ஒரே லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவை. விவாதிக்க வேண்டிய வேறுபாடுகள் உண்டு, அவற்றை விவாதிக்கலாம். பறையை மேடையேற்றியவர்கள் வேறு கொடிக்காரர்கள் என்பதற்காக அதைக் கேட்க மறுப்பது அரசியல் ஆகாது.

கோபத்துக்குரிய இடம் வேறு. 2025 ஜனவரியில் மும்பையிலும் அகமதாபாத்திலும் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை விற்கப்பட்டது. இணையத்தில் விற்பனை தொடங்கிய சிறிது நேரத்தில் எல்லாம் தீர்ந்துபோய், மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை பேசப்பட்டது. மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அமெரிக்காவில், நிகழ்ச்சி நடத்துவது, அரங்குகளைக் கையில் வைத்திருப்பது, டிக்கெட் விற்பது ஆகிய மூன்றையும் ஒரே பிடிக்குள் கொண்டுவந்த லைவ் நேஷன் – டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் மீது, ஏகபோகம் என்று குற்றஞ்சாட்டி 2024 மே மாதம் அந்நாட்டு நீதித்துறையே வழக்குத் தொடுத்தது. ரசிகரின் அன்பு அளக்கப்பட்டு, அது தாங்கக்கூடிய கடைசி ரூபாய்வரை உறிஞ்சப்படுகிறது.

மைதானத்துக்குள்ளும் அதே கணக்குதான். மேடைக்கு அருகே தடுப்பு, அதற்குப் பின் இன்னொரு தடுப்பு, கடைசியில் பொதுக் கூட்டம். தோளோடு தோள் நிற்பதற்காக வந்தவர்களை விலைவாரியாகப் பிரித்து நிறுத்துகிறார்கள். குடிநீர்ப் பாட்டிலை வாசலில் பிடுங்கிக்கொண்டு, உள்ளே பல மடங்கு விலைக்கு விற்பதும் வழக்கமாகிவிட்டது. தடுப்பு கட்டுபவர், காவல் நிற்பவர், விடிந்ததும் குப்பை அள்ளுபவர் எல்லாம் ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்கு மேடையைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை.

கூட்டத்தின் உயிருக்கும் மதிப்பில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர்.ரகுமான் நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் அவதிப்பட்டார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசலில், கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாடத் திரண்ட இளைஞர்களில் 11 பேர் மிதிபட்டு மாண்டனர். அது இசை நிகழ்ச்சி அல்ல. ஆனால் அங்கே போனவர்களும், ஒன்றாக நின்று மகிழும் அதே ஆசையோடு போனவர்கள்தான். இத்தகைய ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் 'கட்டுக்கடங்காத கூட்டம்' என்று தலைப்பு வருகிறது. வாசல்கள் எத்தனை, வழிகாட்ட எத்தனை பேர், அனுமதித்தது யார் என்ற கேள்விகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. பிறகு, கூடுவதையே கட்டுப்படுத்தும் சட்ட யோசனைகள் வருகின்றன. கார்ப்பரேட் நிகழ்ச்சி அந்த விதிகளைப் பணம் கட்டித் தாண்டிவிடும். தொழிற்சங்கக் கூட்டமும் லைன் திருவிழாவும்தான் அதில் சிக்கும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகளின் நாளேடான 'லூமானித்தே' 1930 முதல் நடத்திவரும் விழா, இன்று அந்நாட்டின் பெரும் இசை விழாக்களுள் ஒன்று. கோடை முடியும் செப்டம்பரில் நடைபெறும் அவ்விழாவில் உலகப் புகழ்பெற்ற கலைஞர்கள் பாடுகிறார்கள். பக்கத்துக் கூடாரத்தில் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்கள் பேசுகிறார்கள். போர்த்துக்கீசியக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'அவாந்தே' விழா 1976இல் தொடங்கியது. மேடை கட்டுவதிலிருந்து சமையல் வரை தோழர்களின் தன்னார்வ உழைப்பு. ஒரே நுழைவுச் சீட்டு மூன்று நாளுக்கும் செல்லும். அங்கே வருபவர்களில் கட்சிக்காரர் அல்லாதவர் ஏராளம். பாட்டுக் கேட்க வருகிறார்கள். அதை எவரும் அங்கே குறையாகக் கருதுவதில்லை.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. 1943இல் பிறந்த இப்டா, 1975இல் மதுரையில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம், அதே ஆண்டு கர்நாடகத்தில் உருவான சமுதாயா ஆகியவை விட்டுச் சென்ற தடம் இருக்கிறது. தமிழகத்தின் கலை இரவுகளில் மக்கள் விடிய விடியத் தெருவில் உட்கார்ந்து கேட்டார்கள். சீட்டு இல்லை, தடுப்பு இல்லை. அந்த இரவுகளுக்கு வந்தவர்கள் பேச்சுக்காக மட்டுமே வந்தார்கள் என்று நினைத்தால் அது தவறு. கரிசல் குயில் கிருஷ்ணசாமியின் குரலுக்காக வந்து, பேச்சையும் கேட்டுப் போனவர்கள் நிறைய. சினிமாப் பாட்டு மேடை ஏறக்கூடாது, சாராயக்கடை மெட்டு வேண்டாம் என்ற கறார்களும் அங்கே இருந்தன. அவற்றால் இழந்த இளைஞர்களின் எண்ணிக்கையும் கணக்கில் வர வேண்டும். ரசிகரின் மகிழ்ச்சியைச் சந்தேகத்தோடு பார்க்கும் மேடைக்கு அவர் இரண்டாம் முறை வருவதில்லை.

தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 மார்ச் 1 அன்று. சங்கு ஊதுவது நின்றது, ஷிப்டுகள் நின்றன. சயனைடு மேடுகள் மட்டும் நின்று, காற்றடிக்கும்போதெல்லாம் தூசியை வீடுகளுக்குள் அனுப்புகின்றன. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கத் திட்டங்கள் தீட்டப்படுகின்றன. ஊரில் மிச்சமிருக்கும் மனிதருக்கான திட்டம்தான் இல்லை. காலை ரயிலில் பெங்களூருவுக்குப் போய் இரவு ரயிலில் திரும்புவதே பல ஆயிரம் பேருக்கு வாழ்க்கை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பெட்டியில் கலந்து ஒலிக்கும் பயணம் அது. கைப்பேசியில் பாட்டு வைத்துக்கொண்டு எட்டுப் பேர் சேர்ந்து பாடினால், அந்தப் பெட்டியே மேடை.

கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால், சித்திரை வெயிலிலும் அங்கே இரவில் காற்று குளிர்ந்திருக்கும். திறந்தவெளியில் பாட்டுக் கேட்க அதைவிட நல்ல பருவம் கிடையாது. மே முதல் நாள் காலையில் கொடியேற்றி, ஊர்வலம் போய், மதியத்துக்குள் கலைந்துவிடும் வழக்கத்தை மாற்றி, அன்றிரவு ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு மேடை போடலாம். பறையும் கானாவும் கன்னட வசனப் பாட்டும் மெல்லிசைக் குழுவும் அதில் ஏறட்டும். மைதானத்தைக் குறைந்த வாடகைக்குத் தருமாறு நகரசபையிடமும், அன்று பெங்களூருவில் வேலை முடித்து வருகிறவர்களுக்காக ஒரு கூடுதல் ரயிலை மாரிக்குப்பம் வரை விடுமாறு ரயில்வேயிடமும் இப்போதே மனு கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஏழு மணிக்குத் தொடங்கினால்தான் ரயிலில் வருகிறவர்களுக்கும் கடைசிப் பாட்டு கிடைக்கும்.