தடுக்கி விழுந்தவர் போட்ட பாதை



சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் அக்குபங்சர் அடிக்கடி தலைகாட்டுகிறது. மூட்டுவலிக்குப் போகலாமா, சர்க்கரை இருப்பவர்கள் ஊசி குத்திக்கொள்ளலாமா, எங்கள் தெருவில் ஒருவர் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு அனுப்பிவிடுகிறாரே அது சரியா என்று விதவிதமான கேள்விகள். எல்லாக் கடிதங்களிலும் ஒரு வரி மட்டும் மாறாமல் இருக்கிறது: "ரொம்ப வலிக்குமா சார்?"

அந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவரை இந்த மாதம் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர் சுகியாமா வாயிச்சி. ஜப்பான்காரர். 1610-ல் பிறந்து 1694-ல் மறைந்தவர். இரண்டு கண்ணும் தெரியாதவர்.

ஈசே மாகாணத்தில் ஒரு சாமுராய் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. வாள் பிடிக்க வேண்டிய வீட்டில் பார்வையில்லாத பையன் என்ன செய்வான்? அன்றைய ஜப்பானில் பார்வையற்றவர்களுக்கென்று ஒரு சங்கமே இருந்தது. பீவா என்ற நரம்புக் கருவியை மீட்டிக் கதை பாடுவது, கோத்தோ என்ற தந்திக் கருவியை வாசிப்பது, உடம்பு பிடித்துவிடுவது, ஊசி வைத்தியம் பார்ப்பது எல்லாம் அவர்கள் பிழைப்புக்கான வழிகள். வாயிச்சி ஊசியைத் தேர்ந்தெடுத்தார். எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போய், யாமாசே தக்குயிச்சி என்ற பார்வையற்ற வைத்தியரிடம் சீடராகச் சேர்ந்தார்.

படிப்பு ஏறவில்லை. சொல்லிக் கொடுத்தது மறுநாள் மறந்துவிடும், கையும் பழகவில்லை என்று ஆசிரியர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்வார்கள். மனமுடைந்த வாயிச்சி, எனோஷிமா என்ற சின்னத் தீவுக்குப் போய் அங்குள்ள குகையில் பென்சாய்தெனை நோக்கி நோன்பிருந்தார். பென்சாய்தென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தவள். இங்கே கையில் வீணை, அங்கே கையில் பீவா.

நோன்பு முடிந்து திரும்பும் வழியில் ஒரு கல் தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்தில் ஏதோ சுருக்கென்று குத்தியது. தடவிப் பார்த்தால் குழல்போல இருந்த ஒன்றுக்குள் ஒரு பைன் ஊசியிலை. ஊசியை ஏன் ஒரு குழலுக்குள் விட்டுக் குத்தக்கூடாது என்ற எண்ணம் அங்கேதான் உதித்தது என்கிறது பரம்பரைக் கதை. தடுக்கிவிட்ட கல் என்று ஒன்றை எனோஷிமாவில் இன்றும் காட்டுகிறார்கள். பார்ப்பவர்கள் அதை அதிர்ஷ்டக் கல் என்று கும்பிட்டுப் போகிறார்கள்.

கதையை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். குழல் நிஜம். அது என்ன செய்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அக்குபங்சர் ஊசி மெல்லியதாக இருந்தால் வலி குறையும், ஆனால் தோலில் இறங்கும்போது வளைந்துவிடும். வளையாத தடித்த ஊசி என்றால் நோயாளி முகம் சுளிப்பார். இந்த இக்கட்டுக்கு வந்த விடைதான் குழல். பால்பாயிண்ட் ரீஃபிலை விடச் சின்னதான அதன் நீளம், ஊசியின் நீளத்துக்குச் சில மில்லிமீட்டர் குறைவு. குழலைத் தோலில் லேசாக அழுத்தி நிறுத்தி, ஊசியை உள்ளே விட்டால் பிடிமுனை மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். அதை விரலால் ஒரு தட்டு. ஊசி நேராகத் தோலைத் தாண்டிவிடும். சுற்றிலும் குழலின் அழுத்தம் இருப்பதால் குத்தும் கணம் அவ்வளவாக உறைப்பதில்லை. பிறகு குழலை உருவிவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு ஊசியைக் கொண்டுபோகலாம்.

இதில் கண்ணுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இடத்தை விரல் தேடிக் கண்டுபிடிக்கும். நேராகப் பிடிப்பதைக் குழல் பார்த்துக்கொள்ளும். கை பழகாத சீடன் தனக்காகத் தேடிய வசதி, ஊசிக்குப் பயந்த நோயாளிக்கும் வசதியாகிவிட்டது. கண் தெரிந்த வைத்தியர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்று ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் பல நாடுகளில் பிளாஸ்டிக் குழலோடு சேர்த்தே பாக்கெட்டில் வருகின்றன.

வாயிச்சி பிறகு கியோட்டோவில் இரியே என்ற ஊசி வைத்தியக் குடும்ப வழியினரிடம் முறையாகப் படித்தார். கைராசிக்காரர் என்ற பெயர் எடோ முழுக்கப் பரவி, நாட்டை ஆண்ட ஐந்தாவது ஷோகன் டோகுகாவா சுனயோஷிக்கே வைத்தியம் பார்க்கும் அளவுக்கு உயர்ந்தார். நோய் தீர்ந்த ஷோகன், "என்ன வேண்டும், கேளும்" என்றாராம். "ஒரே ஒரு கண்" என்றாராம் வாயிச்சி. அதைத் தர எந்த ஷோகனால் முடியும்? எடோவின் ஹோன்ஜோ பகுதியில், பெயரிலேயே 'ஒற்றைக் கண்' இருக்கும் ஓர் இடத்தை அவருக்குக் கொடுத்தாராம். உரையாடல் நடந்ததோ இல்லையோ, நிலம் கிடைத்தது உண்மை. ஆண்டு 1693.

என்னை ஈர்த்தது அரண்மனை மரியாதை அல்ல. 1682 வாக்கில் பார்வையற்றவர்களுக்கு ஊசி வைத்தியம் கற்றுத்தர அவர் தொடங்கிய பள்ளிதான். பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான புகழ்பெற்ற பள்ளி திறந்தது 1780-களில். அதற்கு நூறாண்டு முன்பே எடோவில் இது நடந்திருக்கிறது. 'மண்டு' என்று திருப்பி அனுப்பப்பட்டவர் ஆசிரியரானார். தன் வித்தையை எளிய நடையில் எழுதவைத்தார். அவருடைய சீடர்கள் நாட்டின் பல பகுதிகளில் பள்ளிகள் தொடங்கினார்கள். பார்வையற்றவர்களுக்கு அவர் தேடித்தந்தது அனுதாபம் அல்ல, பிழைப்பு. நோயாளியின் உடம்பைத் தொட்டறிவதற்கு ஜப்பானிய அக்குபங்சரில் இத்தனை மதிப்பு இருப்பதற்கு, விரலையே கண்ணாகக் கொண்ட இந்தப் பரம்பரையும் ஒரு காரணம்.

அந்தப் பிழைப்புக்கு ஆபத்தும் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட நேசநாடுகளின் நிர்வாகம், 1947-ல் ஊசி வைத்தியத்துக்கே தடை போடப் பார்த்தது. பார்வையற்ற வைத்தியர்களும் சேர்ந்து போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. இன்றும் அங்கே பார்வையற்றோர் பள்ளிகளில் இது முறையான படிப்பு. தேர்வு எழுதித் தேசிய உரிமம் பெறுகிறார்கள்.

மீண்டும் வாயிச்சியிடம் வருவோம். சிகிச்சை நேரம் போக மற்ற நேரத்தில் அவர் என்ன செய்தார்? எனோஷிமாவுக்குப் போவதை முதுமையிலும் விடவில்லை. தள்ளாத வயதில் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றுதான் ஹோன்ஜோவிலேயே பென்சாய்தெனுக்குக் கோயில் அமைந்தது. டோக்கியோவில் ரியோகோக்கு அருகே அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது, எனோஷிமா போலவே ஒரு சிறு குகையோடு. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. எனோஷிமா செல்லும் சாலையில், வழி தப்பிவிடாமல் இருக்க யாத்ரீகர்களுக்காக அவர் வழிகாட்டிக் கற்களை நட்டுவைத்தார். எல்லா உயிரும் இம்மையிலும் மறுமையிலும் நலம் பெற வேண்டும் என்ற வேண்டுதல் அவற்றில் பொறித்திருக்கிறது. சில கற்கள் ஃபுஜிசாவா பகுதியில் இன்னும் நிற்கின்றன. கண் தெரியாதவர் நட்ட கல்லைப் பார்த்துக் கண் தெரிந்தவர்கள் வழி கண்டுபிடித்துப் போயிருக்கிறார்கள்!

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி, அடிக்கடி வரும் தலைவலி போன்றவற்றில் அக்குபங்சர் ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி உங்கள் கண்முன் பிரித்த புது ஊசியாக இருக்கட்டும். வலி? பெரும்பாலும் எறும்புக்கடி அளவுகூட இருக்காது. அதற்கு வாயிச்சிக்கு நன்றி சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தனக்கு வந்த சிரமத்துக்காக ஒருவர் கண்டுபிடித்த வழி, பிறகு ஊருக்கே பயன்பட்ட கதைகள் உங்களைச் சுற்றியும் இருக்கும். தறியில், அடுப்படியில், வயலில், பட்டறையில் அப்படி யாரையாவது தெரிந்தால் எழுதுங்கள். தேர்ந்தெடுத்து வெளியிடுவோம். பார்வையற்ற வாசகர்கள் குரல் பதிவாகவே அனுப்பலாம். அதை எழுத்தாக்குவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்