பிடிக்கிறவனுக்கும் ஒரு வாத்தியார் வேண்டும்

எங்கள் நாமக்கல் பக்கம் எந்தக் கல்லூரி கபடி அணியிடமும் போய், "உங்க டீம்ல யாருப்பா நல்லா ஆடுறது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பெயர் சொல்வார்கள். இரண்டும் ரைடு போகிற பையன்களின் பெயராகத்தான் இருக்கும். "பிடிக்கிறது யாரு?" என்றால், "அது எல்லாரும் பிடிப்பாங்க சார்" என்று பதில் வரும்.

எல்லாரும் பிடிப்பாங்க என்றால், யாருக்கும் பிடிக்கச் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம். ஒரு கல்லூரியின் உடற்கல்வித் துறையில் 30 வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, இப்போது மோகனூரில் காவிரிக் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நம் கல்லூரிகளில் பயிற்சி எப்படி நடக்கிறது? மாலையில் மைதானத்தைச் சுற்றி நாலு ஓட்டம். கை கால் உதறல். அப்புறம் ஆளைப் பிரித்து நேராக மேட்ச். ரைடர் பையன் கை நீட்டுவதையும், திரும்பி உதைப்பதையும் பி.டி. சார் பக்கத்திலேயே நின்று திருத்துவார். எதிரே நிற்கிற ஏழு பேரும் அவன் பழகுவதற்கு வைத்த பொம்மைகள் மாதிரி. கார்னரில் நிற்கிறவன் எப்போது பாய வேண்டும், எப்போது பாயக் கூடாது, அவன் கணுக்காலைப் பிடித்தவுடன் பக்கத்தில் இருக்கிறவன் எந்தப் பக்கம் போய் வழியை அடைக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அடிபட்டு அடிபட்டு அவனாகக் கற்றுக்கொண்டால் உண்டு.

இதைப் பற்றி எனக்குக் கோபம் அதிகமானது அமெரிக்காவில். மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது மருமகனோடு உட்கார்ந்து கல்லூரிப் பையன்கள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துப் பழகிவிட்டேன். பெயர்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். காலால் உதைப்பது எப்போதாவதுதான். ஆனால் அந்த எப்போதாவது வரும் உதைக்கென்று தனியாக ஆட்கள் வைத்திருக்கிறார்கள். 'ஸ்பெஷல் டீம்ஸ்' என்று பெயர். தாக்குகிற அணி, தடுக்கிற அணி, உதைக்கும் நேரத்துக்கு மட்டும் இறங்குகிற இந்த மூன்றாவது அணி. அதற்குத் தனிக் கோச்சும் உண்டு.

அங்கேயும் ஒரு காலத்தில் இதை யாரும் மதிக்கவில்லை. 1969-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணிதான் டிக் வெர்மீல் என்பவரை இதற்கென்றே வேலைக்கு எடுத்தது. அந்த வேலைக்கு வந்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1987 முதல் 2015 வரை தலைமைக் கோச்சாக இருந்த ஃபிராங்க் பீமர் ஒரு படி மேலே போனார். ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். எதிரணி உதைக்கும் பந்தைத் தடுத்தே அவர் அணி பேர் வாங்கியது.

2013 நவம்பர் 30 அன்று அலபாமாவும் ஆபர்னும் ஆடிய ஆட்டத்தை மருமகன் யூடியூபில் போட்டுக் காட்டினார். 28-28 சமம். மீதி ஒரே ஒரு விநாடி. அலபாமா தூரத்திலிருந்து கோலை நோக்கி உதைத்தது. பந்து போய்ச் சேரவில்லை. பின்னால் தயாராக நிறுத்தியிருந்த ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் முழு நீளமும் ஓடி முடித்துவிட்டார். 34-28. அங்கே ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள், பாருங்கள். அதுதான் கோச்சிங்.

கபடியில் இப்படிப்பட்ட நேரங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் வருகின்றன. ஆறு பேரோ ஏழு பேரோ நின்றால்தான் போனஸ் கோடு செல்லும். ஐந்து பேர் நிற்கும்போது போனஸ் கோட்டில் கால் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிற கல்லூரிப் பையன்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அதேபோல ஐந்து பேர் நிற்கும்போதும் போனஸைக் காக்கிறேன் என்று தேவையில்லாமல் முன்னால் பாய்ந்து தொடு வாங்குகிற கார்னர்களையும் பார்த்திருக்கிறேன்.

2014-ல் ப்ரோ கபடி லீக் வந்த பிறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்ட 'டூ ஆர் டை' ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். அப்படியானால் அவன்தான் உள்ளே வர வேண்டும். பிடிக்கிறவர்கள் பின்னால் வாங்கி 30 விநாடி பொறுமையாக நின்றால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பொறுமையைப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். இருபது வயதுப் பையனுக்குத் தானாக வராது.

இன்னொரு கணக்கு. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரைடரைப் பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', 2 புள்ளி. கடைசி ஓர் ஆள் மட்டும் நிற்கிறான் என்று வையுங்கள். அவன் பிடித்தால் நமக்கு 2. அவன் தொடு வாங்கினால் எதிரணிக்குத் தொடுவுக்கு 1, ஆல் அவுட்டுக்கு 2, ஆக மொத்தம் 3. ஒரே ரைடில் 5 புள்ளி அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தொங்குகிறது. இந்த ஒரு நிலையை வாரத்தில் ஒரு நாளாவது தனியாக நிறுத்தி ஆடிப் பார்க்கிற கல்லூரி எத்தனை இருக்கிறது? கேட்டுச் சொல்லுங்கள்.

"ரைடர்தான் சார் மேட்ச் ஜெயிச்சுக் கொடுக்கிறான்" என்பார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 1990-லிருந்து தங்கத்தைத் தவிர வேறெதையும் தொடாத இந்திய ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் 27-18 என்று தோற்றது. நாட்டிலேயே பேர்பெற்ற ரைடர்கள் நம்மிடம்தான் இருந்தார்கள். 18 புள்ளிக்கு மேல் போகவிடாமல் பிடித்துப் போட்டார்கள் ஈரான்காரர்கள். ப்ரோ கபடி ஏலத்தில் முதன்முதலில் ஒரு கோடி ரூபாய் விலை போனவர் யார் தெரியுமா? அதே 2018-ல், ஃபாசல் அத்ராச்சலி. ஈரான்காரர், இடது கார்னர், பிடிக்கிறவர். நம் தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் கார்னரில் நின்று ஆடினார். 2016-ல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பையும் வாங்கினார்.

"கபடி ரத்தத்தில் வருவது, சொல்லித் தரக்கூடாது" என்பது இன்னொரு வாதம். அப்படியானால் ரைடருக்கு மட்டும் ஏன் சொல்லித் தருகிறீர்கள்? சொல்லித் தராததன் விலையைப் பையன்கள்தான் கொடுக்கிறார்கள். முறை தெரியாமல் குறுக்கே விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்களை வரிசையாக நிறுத்தினால் மோகனூர் பேருந்து நிலையம் போதாது. ஆபரேஷனுக்குக் காசில்லாமல், நொண்டிக்கொண்டே தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள்.

என் மாணவன் ஒருவன், வலது கார்னர். அப்பா கரும்பு வெட்டுகிறவர். அவன் கையில் கால் சிக்கினால் தப்பித்தவன் குறைவு. பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்கு மூன்று வருடம் போனான். மூன்று வருடமும் "எத்தனை ரைடு பாயிண்ட்?" என்றுதான் கேட்டார்கள். அவன் பிடித்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்திருந்தால் ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பமாவது போட்டிருப்பான். இன்று முட்டை லோடு வண்டி ஓட்டுகிறான். அந்தத் தொழிலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய ஒரு வாய்ப்பு, நோட்டில் ஒரு கட்டம் போடாததால் போயிற்று.

"காசு எங்கே சார்?" என்று கடைசியாகக் கேட்பார்கள். நான் கேட்பதற்குக் காசு அதிகம் வேண்டாம். ஒன்று, வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், பிடிப்பதற்கு மட்டும் பயிற்சி. மூன்று பேர் நிற்கும் நிலை, மூன்றாவது ரைடு, கடைசி இரண்டு நிமிடம், இவற்றைத் தனித்தனியாக நிறுத்தி ஆட வேண்டும். இரண்டு, ஸ்கோர் நோட்டில் பிடிக்கிறவன் பெயருக்கும் ஒரு வரிசை. தேர்வுக்கு வருகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும். மூன்று, ஊரில் இருக்கிற பழைய பிடிகாரர்களைக் கூப்பிடுங்கள். காவிரி மணலில் ஆடி வளர்ந்து, ஊருக்கு ஊர் இரவு ஆட்டங்களில் பேர் வாங்கி, இன்று சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டும் டீக்கடை நடத்திக்கொண்டும் இருக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் அரை மணி நேரத்தில் காட்டித் தருவதைப் புத்தகம் பார்த்துச் சொல்லித் தர முடியாது. பஸ் செலவும், ஒரு சிறு தொகையும், சால்வைக்குப் பதிலாக மரியாதையும் கொடுத்தால் சந்தோஷமாக வருவார்கள்.

கல்லூரிகள் திறந்து அணித் தேர்வு நடக்கும் சமயம் இது. பி.டி. சார்களே, இந்த வருடத் தேர்வில் முதல் பத்து நிமிடம் ரைடரைப் பார்க்காதீர்கள். ஓரத்தில் குனிந்து நிற்கிற பையனைப் பாருங்கள். அவன் பெயரைக் கேட்டு நோட்டில் முதலில் எழுதுங்கள்.