மகளுக்கு முதல் பாஷை எது?



பெருமுக்கல்லிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், மலையும் மலைமேல் கோயிலுமாக இருக்கும் ஊர் அது. அவருடைய மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டாள். பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பாஷை ஒன்றைக் கற்றுக்கொண்டு விடவேண்டும் என்று துடிக்கிறாளாம். எந்தப் பாஷை என்பதில்தான் வீட்டில் கலகம்!

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் சித்தப்பா "ஜாவா" என்கிறார். எதிர்வீட்டுப் பையன் "பைத்தான்" என்கிறான். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைப் புரட்டினால் "சி பிளஸ் பிளஸ்" என்று இருக்கிறது. டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்ததற்கு, மூன்றையும் மூன்றே மாதத்தில் சொல்லித் தருவதாகவும், 25,000 ரூபாய் கட்டவேண்டும் என்றும் சொன்னார்களாம். "கையில் இரண்டு வளையல் இருக்கிறது. வைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார் அந்தத் தாயார்.

வளையல் கையிலேயே இருக்கட்டும், சகோதரி. அதை வைக்கவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். மாம்பலத்திலும் மதுரையிலும் இதே கேள்வியோடு தவிக்கும் தாய்மார்கள் பலர் இருப்பார்கள். அவர்களும் சற்றுக் கேட்கட்டும்.

முதலில், இந்தப் பாஷைகள் எல்லாம் என்ன? மனிதர் நினைப்பதை யந்திரத்துக்குப் பிசகில்லாமல் சொல்லும் முறை, அவ்வளவுதான். நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதே அல்ல. வாசலில் போடும் கோலத்தை நினைத்துப் பாருங்கள். இத்தனை புள்ளி, இத்தனை வரிசை, இந்தப் புள்ளியைச் சுற்றி இழை, அங்கே ஒரு திருப்பம், பிறகு அதையே நாலு பக்கமும் செய்! தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கணித அறிஞர்கள் இதைக் கவனித்தார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதி, 1974-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் சித்திரங்களைப் பற்றிய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அது அச்சாயிற்று. நம் வாசலில் தினமும் அழிந்துபோகிற கோலம், கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் அழியாத இடம் பிடித்துவிட்டது!

கோலத்தில் இருப்பவை மூன்று விஷயங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது ஒன்று. "ஓரம் வந்துவிட்டால் திரும்பு" என்று நிலைமையைப் பார்த்து முடிவு செய்வது இன்னொன்று. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது மூன்றாவது. வரிசை, முடிவு, மறுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கையும் இந்த மூன்றைக் கொண்டே எழுதிவிடலாம் என்று 1966-ல் பேம், ஜக்கோபினி என்ற இரு இத்தாலிய அறிஞர்கள் நிரூபித்தார்கள். ஜாவாவானாலும் சரி, பைத்தானானாலும் சரி, சி பிளஸ் பிளஸ்ஸானாலும் சரி, அடியில் இருப்பவை இவைதாம். ஒரு பாஷையில் இந்த மூன்றும் கைவந்துவிட்டால், அடுத்த பாஷையில் பாதி வேலை குறைந்துவிடும். ஒன்றிலும் கைவராமல் மூன்று பாஷைகளைத் தொட்டுப் பார்த்தால், மூன்றிலும் "வணக்கம்" சொல்லத் தெரியும்; நாலாவது வார்த்தை தெரியாது. ஆகவே மூன்றே மாதத்தில் மூன்று பாஷை என்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதை எடுத்துக்கொண்டாலும் ஒன்றுதானா? இல்லை. முதல் பாஷைக்கு இரண்டு லட்சணங்கள் வேண்டும். முதல் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறாற்போல் ஏதாவது செய்யவேண்டும். தடுக்கி விழுந்தால் தூக்கிவிடப் பக்கத்தில் ஆளோ புத்தகமோ இருக்கவேண்டும்.

இரண்டாவது லட்சணத்துக்கு உங்கள் ஊர் மலையே சாட்சி. அங்கே குகைப் பாறையில் மிகப் பழங்காலத்து மனிதர்கள் கீறிவைத்த குறிகள் இருக்கின்றன. அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனாலும் இன்ன குறிக்கு இன்ன பொருள் என்று அடித்துச் சொல்ல இன்று ஆளில்லை. கீறியவர்களுக்குச் சொல்வதற்கு ஏதோ விஷயம் இருந்திருக்கிறது. வாசித்துக் காட்ட ஆள் இல்லாமற் போனதால் நமக்கு அவை வெறும் கீறல்கள். கம்ப்யூட்டர் பாஷையும் அப்படித்தான். உலகத்திலேயே உயர்ந்த பாஷையாக இருக்கட்டும். கேட்டால் சொல்ல ஒருவரும் இல்லை என்றால், அது உங்கள் மகளுக்குப் பாறைக் கீறல்தான்.

இந்த இரண்டையும் வைத்து மூன்று பாஷைகளையும் பார்க்கலாம்.

பைத்தானை நெதர்லாந்து தேசத்துக் குய்டோ வான் ராஸம் 1991-ல் வெளியிட்டார். பெயரைக் கேட்டுப் பாம்பு என்று பயப்படவேண்டாம். மான்டி பைத்தான் என்ற ஆங்கில ஹாஸ்ய டெலிவிஷன் நிகழ்ச்சியின் பெயரை அவர் வேடிக்கையாக வைத்தார். இதில் "வணக்கம்" என்று திரையில் காட்ட ஒரே ஒரு வரி போதும்.

சி பிளஸ் பிளஸ் 1985-ல் வெளிவந்தது. டென்மார்க்கில் பிறந்த பியார்ன ஸ்ட்ரௌஸ்ட்ரப் என்பவர் உருவாக்கியது. இதில் அதே "வணக்கம்" சொல்வதற்கு முன், எந்தச் சாமான் பெட்டியைத் திறக்கவேண்டும், சமையல் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்றெல்லாம் எழுதியாக வேண்டும். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனாலும் யந்திரம் முரண்டு பிடிக்கும். எந்தப் பாத்திரத்தில் எந்த மாதிரிச் சாமான் என்று முன்கூட்டியே சீட்டு ஒட்டவும் வேண்டும். பழகினவர்களுக்கு இந்தக் கண்டிப்பே பலம். வேகம் மிக முக்கியமான இடங்களில் இன்றும் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் முதல் நாளே இவ்வளவு கண்டிப்பான மாமியாரா?

1995-ல் வந்த ஜாவாவும் இதே ரகம். பாங்குகளிலும் பெரிய கம்பெனிகளிலும் ஏராளமாகப் புழங்குகிறது. சித்தப்பா சொன்னதில் தப்பில்லை. அவர் தம் ஆபீஸை நினைத்துச் சொன்னார். மகள் ஆபீஸுக்குப் போக இன்னும் வருஷங்கள் இருக்கின்றன.

ஆகவே என் பதில்: விடுமுறையில் பைத்தான். பள்ளிக்கூடம் திறந்தபின், ஆசிரியர் சொல்லித் தருகிறபடி சி பிளஸ் பிளஸ். 2018-ல் வெளிவந்த நம் மாநிலப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ் பாடமாயிற்று. 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பைத்தான். ஆகையால் இப்போது கற்பது வீணாகப் போகாது. பிளஸ் டூவில் கை கொடுக்கும். தமிழிலும் இந்தப் புத்தகங்கள் உண்டு. பள்ளியில் மகளுக்குக் கிடைக்கப் போவது எந்தப் புத்தகம் என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். "கணினிப் பயன்பாடுகள்" என்று வேறொரு பாடமும் இருக்கிறது. அதன் வழி வலைப்பக்கம் அமைக்கும் வழி, எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் என்று போகும். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று மாற்றிச் சேர்த்துவிட வேண்டாம்.

"மகள் தமிழ் வழியில் படித்தவள். இங்கிலீஷ் தடுக்குமோ?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தடுக்காது. பைத்தானில் கட்டாயம் அறியவேண்டிய ஆதாரச் சொற்கள் சுமார் 35 தான். சி பிளஸ் பிளஸ்ஸில் 80-க்கு மேல். முப்பத்தைந்து வார்த்தையை எந்தப் பெண்ணும் ஒரு வாரத்தில் பழகிவிடுவாள். அதுவும் மிரட்டினால், முதல் இரண்டு நாள் "எழில்" என்ற பாஷையில் விளையாடட்டும். முத்து அண்ணாமலை என்ற தமிழர் உருவாக்கியது. 2009-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதில் கட்டளைகளே தமிழ்! "பதிப்பி" என்றால் திரையில் காட்டும். "ஆனால்", "இல்லை" என்று எழுதி முடிவு செய்யச் சொல்லலாம். புத்தி இங்கிலீஷில் இல்லை, யோசனையில் இருக்கிறது என்ற தைரியம் அதில் வந்துவிடும். பிறகு பைத்தானுக்கு வந்துவிடட்டும். சந்தேகம் தீர்க்கப் புத்தகமும் ஆளும் அங்கேதான் அதிகம்.

இனி, செய்யவேண்டியது. தினம் அரை மணி நேரம், இரண்டே மாதம்.

முதல் வாரம் கோலம். பைத்தானோடு "டர்ட்டில்" என்று ஓர் ஆமை வருகிறது. 1960-களில் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் பிறந்த லோகோ என்ற பாஷையின் வாரிசு அது. "நூறு அடி நட, 144 டிகிரி திரும்பு, இதை ஐந்து தடவை செய்" என்றால் ஆமை ஓர் ஐமுனை நட்சத்திரம் போட்டுவிட்டு நிற்கும். 144-ஐ 90 ஆக்கி, ஐந்தை நாலாக்கினால் சதுரம். எண்ணை மாற்ற மாற்றக் கோலம் மாறுவதைப் பார்த்தால் மகள் சாப்பிடக்கூட எழுந்து வரமாட்டாள்.

இரண்டாவது வாரம் ஒரு வேடிக்கை. இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டச் சொல்லட்டும். 2-ம் 3-ம் கொடுத்தால் 23 என்று வரும்! யந்திரத்துக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பைத்தான் நாம் தட்டிக் கொடுப்பதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்தோடு எழுத்தை ஒட்டிவிட்டது. "இதை எண்ணாகக் கொள்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் 5 வரும். யந்திரம் நாம் நினைத்ததைச் செய்யாது, சொன்னதைத்தான் செய்யும் என்ற பாடம் இந்த ஒரு கணக்கில் வந்துவிடும்.

மூன்றாவது வாரம் முதல் வீட்டுக் கணக்கு. உங்கள் மகளிர் குழுவில் 12 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 28,800 ரூபாய். யார் கட்டினார், யார் பாக்கி, பத்தாம் தேதிக்கு மேல் கட்டினால் அபராதம் எவ்வளவு என்று மகளையே எழுதச் சொல்லுங்கள். வரிசை, முடிவு, மறுபடி மூன்றும் இதில் இருக்கின்றன. அம்மாவின் நோட்டுப் புத்தகமும் அவள் விடையும் ஒத்துப்போகிற நாளில், அவள் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம்.

செலவு? பைத்தான் இனாம். நம் மாநிலத்தில் 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு அரசு லாப்டாப் கொடுத்தார்களே, உறவினர் வீட்டில் ஏதாவது ஒன்று தூசி படிந்து கிடந்தால் கேட்டு வாங்குங்கள். போனிலும் சின்னச் சின்ன வரிகள் எழுதிப் பார்க்கலாம். ஆமைக் கோலத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் சௌகரியம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் "ஸ்போக்கன் டுடோரியல்" பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. கணியம் என்ற தமிழ் மின்னிதழில் து. நித்யா என்ற சகோதரி எளிய தமிழில் எழுதிய கணினி நூல்களை இலவசமாகவே படிக்கலாம். மகள் தேறியபின், சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் பைத்தானில் நடத்திய வகுப்புகள் என்.பி.டி.இ.எல். பாடங்களில் இருக்கின்றன, பார்க்கக் கட்டணம் இல்லை.

"இப்போது செயற்கை அறிவு யந்திரமே எல்லாவற்றையும் எழுதித் தருகிறதே, பெண் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் இதைச் சொல்லுங்கள். 7-ஐ இரண்டால் வகுத்தால் பைத்தான் 3.5 என்று சொல்லும். சி பிளஸ் பிளஸ்ஸில் இரண்டையும் முழு எண் என்று சீட்டு ஒட்டிவிட்டால் 3 என்று சொல்லும், அரையை விழுங்கிவிடும்! யார் எழுதிக் கொடுத்தாலும் அந்த அரை எங்கே போயிற்று என்று கேட்கத் தெரிந்தவள் வேண்டும். குழுக் கணக்கில் பாதி ரூபாய் காணாமற் போனால் பதில் சொல்லப் போவது யந்திரமா, நீங்களா?

கடிதத்தின் கடைசி வரியில், அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள்: "அவளோடு நானும் உட்கார்ந்து கற்கலாமா? வயது நாற்பதாகிறது." தாராளமாக உட்காருங்கள். மகளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றேன் அல்லவா? அந்த ஆள் ஏன் நீங்களாக இருக்கக்கூடாது? அவள் ஒரு வரி எழுதட்டும். அது என்ன செய்யும் என்று நீங்கள் கேளுங்கள். அம்மாவுக்குப் புரியும்படி சொல்லிவிட்டாளானால் அவளுக்கும் புரிந்துவிட்டது என்று பொருள்.

நட்சத்திரம் வந்ததும் எழுதுங்கள். எத்தனை டிகிரியில் திருப்பினால் எட்டு முனை வருகிறது என்பதையும் மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி, விடையைத் தபாலில் சேருங்கள்.