தள்ளுவதற்கு முன்னால் ஒரு நிமிடம்

போன ஐப்பசி மழையில், தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கம் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பள்ளிச் சீருடையில் அவர் மகள், தொப்பலாக நனைந்தபடி.

"என்னண்ணே, பெட்ரோலா?"

"பெட்ரோல் இருக்கு தம்பி. செல்ஃப்தான் எடுக்கல. கோரிப்பாளையம் வரைக்கும் தள்ளிட்டா மெக்கானிக்கப் பாத்துருவேன்."

வலது கைப்பிடியைப் பார்த்தேன். சிவப்பு சுவிட்ச் ஆஃபில் இருந்தது. தட்டிவிட்டு பட்டனை அழுத்தினேன், வண்டி உறுமியது. பாப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அப்பாதான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதில் வெட்கமே வேண்டாம். மழைக்கோட்டின் கை பட்டாலே அந்த சுவிட்ச் விழுந்துவிடும். இப்போது வரும் பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டாலும் இன்ஜின் நின்றுவிடும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

அடுத்து, காதால் கேளுங்கள். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வந்து, மீட்டர் விளக்கு மங்குகிறதா? பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லை டெர்மினல் லூஸ். சத்தமே இல்லை, ஹாரனும் விளக்கும்கூட இல்லை என்றால் மெயின் ஃபியூஸைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மழை நாள் என்றால் பிளக் கேப்புக்குள் தண்ணீர் போயிருக்கலாம். இன்ஜின் ஆறியதும், சாவியை எடுத்துவிட்டு, கேப்பைக் கழற்றித் துடைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்ஷன். சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் 'உய்ய்ய்' என்று இரண்டு மூன்று நொடி சத்தம் வரும், அது பெட்ரோல் பம்ப். பேட்டரி அடியோடு இறங்கினால் பம்ப் ஓடாது. பழைய கார்புரேட்டர் வண்டி மாதிரி தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று வியர்க்க விறுவிறுக்க ஓடுவது வீண்.

நம் மதுரை வெயிலுக்கு, தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி சீக்கிரம் வற்றும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், கேன் தண்ணீர் கூடாது. அதுவும் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், வயரைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரைத் துணியில் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் மாட்டி, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது அது கடைசி. மாற்றிச் செய்தால், ஸ்பேனர் பாசிட்டிவிலும் சேசிஸிலும் ஒரே நேரத்தில் பட்டுப் பொறி பறக்கும்.

வீட்டில் மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. இன்ஜின் ஓடி, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் பேட்டரிக்கு சார்ஜ் போகவில்லை. புது பேட்டரி வாங்கினாலும் நாலு நாளில் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபியூஸ் விஷயம்தான் எனக்குப் பயம். என் மைத்துனர் வண்டியில் அது அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. வழியில் யாரோ ஒரு புண்ணியவான் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிக் கொடுத்துவிட்டார். வண்டி ஓடியது. ஒரு வாரம் கழித்து, குழந்தையை முன்னால் உட்கார வைத்துப் போகும்போது சீட்டுக்கு அடியிலிருந்து புகை. ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒரு வயர் உரசித் தோல் போயிருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் போனது அதற்காகத்தான். போனால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மறுபடியும் போனால் ஓட்டாதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கூடுதல் விளக்கு, அலறும் ஹாரன் மாட்டியிருக்கிறீர்களா? அந்த வயரிலிருந்து தேடத் தொடங்கச் சொல்லுங்கள்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது. அப்புறம், பகலில் ஹெட்லைட் எரிகிறது என்று எதிரே வருபவர் விரலை விரித்து மூடிக் காட்டினால் பதறாதீர்கள். 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் அதை அணைக்க சுவிட்சே கிடையாது.