வீட்டு வியாபாரத்தின் ஆரம்பச் செலவும் வருமான வரியும்

மாங்காயை ஊறுகாயாகவும், நிலக்கடலையை எண்ணெயாகவும் ஆக்கி வீட்டிலிருந்தே விற்பனை செய்யும் குடியானவர் குடும்பங்கள் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், விவசாய வருமானத்துக்கு மத்திய சர்க்காரின் வருமான வரி இல்லையாதலால் இவ்விற்பனைக்கும் இல்லை என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அது சரியன்று. கடலையைப் பறித்து, ஆய்ந்து, உலர்த்திச் சந்தைக்கு அனுப்புவது விவசாயம். செக்கிலாட்டி எண்ணெயாக விற்பது வியாபாரம். சொந்தத் தோப்பு மாங்காயின் சந்தை விலையை மட்டும் வியாபாரச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

இனி, முதல் ஜாடி விலை போவதற்கு முன் ஆகும் செலவுகளைக் கவனிப்போம். அரவை யந்திரத்துக்கு வருஷந்தோறும் 15 சதவிகிதம் தேய்மானம் உண்டு. முதல் வருஷம் 180 நாட்களுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் அதில் பாதியே. மற்றச் செலவுகளுக்கு, வியாபாரம் 'அமைந்த' நாளே எல்லை. அமைவது வேறு, விற்பனை தொடங்குவது வேறு என்று பம்பாய் ஹைக்கோர்ட் 1954-ல் தீர்ப்பளித்தது. எல்லாம் தயாரான பின்னர், முதல் விற்பனைக்கு முன் ஆகும் செலவு கணக்கில் சேரும். அமைவதற்கு முன் ஆனது பொதுவாகச் சேராது. ஆகவே அந்த நாளைக் காட்டும் ரசீதுகளைப் பத்திரப்படுத்துதல் அவசியம்.

பூர்வாங்கச் செலவுகளை ஐந்து வருஷங்களில் சம பாகமாகக் கழிக்க 1961-ஆம் வருஷச் சட்டத்தின் 35டி பிரிவு இடங்கொடுத்தது. 2025-ஆம் வருஷச் சட்டத்திலும் அவ்வேற்பாடு உண்டு. ஆனால் அதில் கண்டவை திட்ட அறிக்கை, சந்தை ஆய்வு, ஒப்பந்தம் எழுதும் கூலி போன்றவை. உப்புக் குறைந்து பூசணம் பூத்த இரண்டு சட்டி ஊறுகாய்க்கு யார் திட்ட அறிக்கை எழுதப் போகிறார்கள்? இச்சட்டை ஆலை முதலாளிகளின் அளவுக்குத் தைத்தது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆரம்பச் செலவு மொத்தம் 50,000 டாலருக்கு மேற்படாதவர்கள் 5,000 டாலர் வரை முதல் வருஷத்திலேயே கழித்து, மீதியை 180 மாதங்களில் கழிக்கின்றனர். நம் நாட்டிலும் வீட்டு வியாபாரிக்கு 25,000 ரூபாயாவது அவ்விதம் அனுமதித்தால் கஜானா குறைந்துவிடாது.

சிறு வியாபாரிகள் கணக்கெழுதும் தொல்லையின்றி, ரொக்க வரவில் 8 சதவிகிதமும், பாங்கு மூலம் வந்ததில் 6 சதவிகிதமும் லாபமென்று காட்டும் முறை சௌகரியமானதே. ஆனால் அதில் சகல செலவும் அடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். முதல் வருஷ நஷ்டம் மறைந்துபோம். எனவே தொடக்கத்தில் உள்ளபடி கணக்கு வைத்து, வியாபாரம் நிலைத்தபின் இம்முறைக்கு மாறுவதே மேல். இம்முறையில் புகுந்தவர் அடுத்த ஐந்து வருஷங்களுக்குள் விட்டு விலகினால், மேலும் ஐந்து வருஷங்களுக்கு அதற்குத் திரும்ப இயலாது.

2025-26-ல் புதிய முறைப்படி 12 லட்ச ரூபாய் வரை தள்ளுபடியால் வரியில்லையே, கணக்கு எதற்கு என்று கேட்கலாம். வியாபாரம் வளரும் என்று நம்பித்தானே தொடங்குகிறோம்? கெடுவுக்குள் தாக்கல் செய்த நஷ்டத்தை எட்டு வருஷங்கள் வரை பின்வரும் வியாபார லாபத்தில் கழிக்கலாம்.

யந்திரம் வாங்குகையில் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அத்தொகை அதன் கிரயத்தில் சேராது. பாங்கு மூலமே கொடுக்க வேண்டும். மனைவி நடத்தும் வியாபாரத்துக்குக் கணவர் பெயரில் பில் வாங்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.