தாத்தா சோம்பேறி அல்ல!

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் காப்பித் தோட்டங்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. சேர்வராயன் மலைச் சரிவு எங்கும் காப்பிச் செடிகள். அவற்றுக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்கள். மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி.

1820-ம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர். அவர்தான் இந்த மலையில் காப்பிச் செடியை நட்டார். இன்று காலையில் காப்பி இல்லாவிட்டால் பலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது!

அது ஏன்?

காப்பி பலம் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. காப்பி செய்வது வேறு வேலை.

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏற என்ஜின் வேண்டும். அடக்கி ஓட்ட பிரேக்கும் வேண்டும். மூளையிலும் அப்படித்தான்.

மூளையில் "டோபமின்" என்று ஒரு பொருள் சுரக்கிறது. கையும் காலும் தடை இல்லாமல் அசைய அது வேண்டும். "எழுந்து போய் இந்த வேலையை முடிப்போம்" என்ற ஊக்கத்துக்கும் அது வேண்டும். "அடினோசின்" என்பது இன்னொரு பொருள். விழித்திருக்கும் நேரமெல்லாம் அது மூளையில் சேர்ந்துகொண்டே போகும். டோபமினின் வேலையை மட்டுப்படுத்தும். தூக்கம் வரும். இதுதான் பிரேக்.

காப்பியில் உள்ள "காபீன்", அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிரேக் பிடிப்பது இல்லை. ஆகவே சுறுசுறுப்பு! களைப்பு தீரவில்லை, மறைந்து இருக்கிறது, அவ்வளவுதான். (சிக்கரியில் காபீன் கிடையாது. பாதி சிக்கரி கலக்கும் கடைக்காரர், பாதி சுறுசுறுப்பையும் எடுத்துக்கொள்கிறார்!) பசியோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் காப்பி கொடுத்து அனுப்புவது எவ்வளவு தவறு என்று இதில் இருந்தே தெரியும்.

டோபமின் குறைந்தால் என்ன ஆகும்?

எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டோபமின் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்தார்கள். பாடுபட்டால் கிடைக்கும் நல்ல தீனியை எலி விட்டுவிட்டது. பக்கத்தில் கிடந்த சாதாரணத் தீனியைத் தின்றது. அடினோசினைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் மறுபடி பாடுபட்டது! எலிக்கு ஆசை போகவில்லை. முயற்சிதான் எழவில்லை.

மனிதருக்கும் இது உண்டு. டோபமின் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோகும் நோய்க்கு "பார்க்கின்சன் நோய்" என்று பெயர். பெரும்பாலும் முதுமையில் வரும். கை நடுங்கும். நடை சுருங்கும். கையெழுத்து சிறுத்துவிடும். முகத்தில் சிரிப்பு குறையும். எதிலும் நாட்டம் இருக்காது. வீட்டில் உள்ளவர்களோ, "உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பது இல்லை, சோம்பேறி!" என்று திட்டுவார்கள். நோயாளியைத் திட்டுவது என்ன நியாயம்?

1957-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், "ரெசர்பின்" என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அது நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரில் உள்ள பொருள். முயல்கள் அசைவு அற்றுக் கிடந்தன. பிறகு டோபமினாக மாறக்கூடிய "டோபா"வைக் கொடுத்தார். முயல்கள் எழுந்து ஓடின! 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் இந்த நோய்க்கு முக்கிய மருந்து "லெவோடோபா"தான்.

அடினோசினைத் தடுக்கும் மாத்திரை ஒன்றும் உண்டு. ஜப்பானில் 2013-லும் அமெரிக்காவில் 2019-லும் அதற்கு அனுமதி கிடைத்தது. லெவோடோபாவுடன் சேர்த்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அப்படியானால் தாத்தாவுக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தால் போதுமா? போதாது. நோயாளிகளுக்குக் காபீனையே கொடுத்துப் பார்த்தார்கள். நடுக்கமோ நடையோ தேறவில்லை என்று 2017-ல் தெரிந்தது.

நரம்பு டாக்டரிடம்தான் அழைத்துப் போக வேண்டும். போகும்போது தாத்தாவின் பழைய கையெழுத்து ஒன்றையும் இப்போதைய கையெழுத்து ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். டாக்டருக்கு அது உதவும்.